கேப்டன் பொறுப்பு யாருக்கு? நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் திருமணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. வெளியே தலைகாட்ட முடியாததால் வாரம் முழுவதும் வாசிப்பிலேயே கழிந்தது.

விளையாட்டுக்குள் அரசியலை இழுத்து வரக் கூடாது என்று நீ சற்றுக் காட்டமாகவே எழுதியிருந்தாய். நான் படித்த இரண்டு புத்தகங்களும் உன் வாதத்துக்கு எதிரானவை. ஒன்று, இந்தியக் கிரிக்கெட்டின் சமூக வரலாறாக ராமச்சந்திர குஹா 2002-இல் வெளியிட்ட நூல். மற்றொன்று, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடைச் சேர்ந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் கிரிக்கெட்டைப் பற்றி 1963-இல் எழுதிய 'பியாண்ட் எ பவுண்டரி'.

குஹாவின் நூலில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் பல்வங்கர் பாலூ. தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட, தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சாதியில் 1876-இல் பிறந்த இந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு மைதானத்தைப் பராமரித்தபடி, கிரெய்க் என்ற ஆங்கிலேய மட்டையாளருக்கு வலைப்பயிற்சியில் மணிக்கணக்காகப் பந்து வீசித் தன் கலையைத் தீட்டிக்கொண்டார். பின்னர் அவர் இல்லாமல் வெல்ல முடியாது என்பதை உணர்ந்து புனா இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் வீசிய பந்தைத் தொடுவதில் மட்டும் யாருக்கும் தீட்டு இல்லை.

அந்நாளில் அணிகள் மதம், இனம் வாரியாகவே பிரிந்திருந்தன. 1906-இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றதில் பாலூவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1911-இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தபோதும் பாலூ மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்தார். மகாராஜாவுக்கு அப்போது வயது பத்தொன்பது. தலைமை தாங்க அந்த வயது போதுமானதாக இருந்தது! இத்தனைக்குப் பிறகும் இந்துக்கள் அணியின் கேப்டன் பொறுப்பு பாலூவுக்குத் தரப்படவேயில்லை. 1913-இல் கேப்டனாக நியமிக்கப்பட்ட பாய் என்ற பிராமணரே, அந்தக் கௌரவம் மூத்தவரான பாலூவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகும் தேர்வுக் குழு அசையவில்லை. 1920-இல் பாலூவின் தம்பி விட்டலின் உரிமையும் புறக்கணிக்கப்பட்டபோது, விட்டலும் இன்னொரு தம்பி சிவராமும் ஆட மறுத்து அணியிலிருந்து விலகினார்கள். 1923-இல்தான் விட்டல் கேப்டனானார்; அந்த ஆண்டே அந்த அணிகளுக்கிடையிலான போட்டியின் கோப்பையையும் வென்று கொடுத்தார்.

மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே கதைதான். கறுப்பர்கள் மட்டை பிடிக்கலாம், உயிரைக் கொடுத்துப் பந்து வீசலாம், ஆனால் தலைமை வெள்ளையருக்கு. 1948-இல் ஒரே ஒரு டெஸ்டுக்கு கறுப்பரான ஜார்ஜ் ஹெட்லி தலைமை தாங்கியதோடு சரி. தான் ஆசிரியராக இருந்த பத்திரிகையில் ஜேம்ஸ் தொடர்ந்து போராடிய பின்னரே கறுப்பரான ஃபிராங்க் வொரலுக்கு 1960-61 ஆஸ்திரேலியப் பயணத்தில் அந்தப் பொறுப்பு கிடைத்தது. அந்தப் பயணத்தில் பிரிஸ்பேனில் இரு அணிகளின் ரன்களும் சமமாகி முடிந்த டெஸ்டைப் பற்றி நீயே எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! அதற்கு முன்பு கேப்டனாக இருந்த அலெக்சாண்டர், வொரலின் கீழ் விக்கெட் கீப்பராக அற்புதமாக ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸின் நூலில் இங்கிலாந்தின் பழைய ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸைப் பற்றிய பகுதி எனக்குச் சற்று நீளமாகப் பட்டது. ஆனால் தோலின் நிறத்துக்கேற்ப டிரினிடாடின் கிளப்புகள் பிரிந்து கிடந்ததைச் சொல்லும் பக்கங்களை நீ கட்டாயம் படிக்க வேண்டும்.

இனி உனக்குப் பிடிக்காத அரசியலுக்கு வருகிறேன். பாலூ இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது பம்பாயில் நடந்த பாராட்டு விழாவுக்கு வரவேற்பு மடல் எழுதியவர் இளைஞரான அம்பேத்கர் என்கிறார் குஹா. அதே இருவரும் 1937 பம்பாய் சட்டசபைத் தேர்தலில் எதிரெதிரே நின்றார்கள். காங்கிரஸ் வேட்பாளரான பாலூ ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்குகளில் அம்பேத்கரிடம் தோற்றார். அதற்கு முன் 1932 செப்டம்பரில் புனா ஒப்பந்தத்தில் பாலூவும் நம் சென்னையின் ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒடுக்கப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அம்பேத்கர் கேட்டிருந்த முறையைக் கைவிட்டு, மாகாணச் சட்டசபைகளில் அவர்களுக்கு 148 இடங்களை ஒதுக்கிய அந்த ஒப்பந்தத்தின்படி, ஒடுக்கப்பட்டோர் முதற்கட்டமாக நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நால்வரில் யார் சட்டசபைக்குப் போவது என்பதை எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாக்களித்து முடிவு செய்வார்கள். சண்முகம், இதுவும் தேர்வுக் குழுவில் யார் உட்காருவது என்ற கேள்விதானே?

பாலூவை ஏமாளி என்று நான் எண்ணவில்லை. மண் குவளையில் தொடங்கித் தம்பி கேப்டனாகும் வரை மனங்கள் மாறியதை அவர் கண்ணாரக் கண்டவர். சேர்ந்து ஆடினால் மற்றவர்கள் மாறுவார்கள் என்ற நம்பிக்கை அவருக்குத் தன் வாழ்க்கையிலிருந்தே வந்தது. ஆனால் அதே வாழ்க்கையை வேறு விதமாகவும் கணக்கிடலாம்: நாட்டின் தலைசிறந்த பந்துவீச்சாளரின் குடும்பத்துக்கே இத்தனை ஆண்டுகள் ஆயின என்றால், பந்து வீசத் தெரியாத சாமானியன் எவ்வளவு காலம் காத்திருப்பது? அம்பேத்கரின் அவசரம் எனக்கு அங்கேதான் புரிந்தது. என் சாய்வும் அவர் பக்கமே.

ராஜாவின் பிற்காலக் கசப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1938-இல் சென்னை சட்டசபையில் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை ராஜாஜியின் காங்கிரஸ் அரசு எதிர்த்துத் தோற்கடித்தது. நீ கன்னிமாரா நூலகத்துக்குப் போகும்போது அந்த விவாதம் அச்சில் கிடைக்கிறதா என்று விசாரித்துச் சொல். இரண்டு புத்தகங்களையும் அடுத்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். படித்துவிட்டு, விளையாட்டு வேறு அரசியல் வேறு என்று நீ இன்னும் சாதிக்கத் தயாராக இருந்தால் விரிவாகவே எழுது, நானும் விடப்போவதில்லை.

அன்புடன்,
ராமலிங்கம்