எட்டு வேண்டாம், மூன்று போதும்

அன்புள்ள கயல்,

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உங்கள் தமிழ்ச் சங்கம் இந்தப் பருவத்தில் நடத்தப்போகும் நிகழ்ச்சிகள் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஆகஸ்ட்டில் தொடங்கி நவம்பருக்குள் எட்டு நிகழ்ச்சிகள்! செயலவையில் பெயர் எத்தனை இருந்தாலும் நாற்காலி தூக்க வருபவர்கள் ஆறேழு பேர்தான். எந்தச் சங்கத்திலும் கதை அதுதான். மூன்றாகக் குறைத்துவிடு: ஒரு சொற்பொழிவு, ஒரு பயிலரங்கு, தீபாவளியை ஒட்டி ஓர் ஒன்றுகூடல்.

முதலில் நாளைப் பிடி. பருவத்தில் பாடம் நடப்பது 13 வாரம். முதல் இரண்டு வாரம் எல்லாரும் பாடத்தைச் சேர்ப்பதும் விடுவதுமாக அலைவார்கள். ஆறாம் வாரத்துக்குப் பிறகு வரும் இடைவிடுமுறையில் விடுதியே காலி. ஏழாம் வாரம் இடைத்தேர்வு. பதினோராம் வாரம் தொட்டுக் கட்டுரை, குழுப்பணி என்று யாரும் தலைநிமிர மாட்டார்கள். ஆக 3 முதல் 5 வரை, 8 முதல் 10 வரை, இந்த ஆறு வாரங்கள்தான் உன் கையில் இருப்பவை. தீபாவளி நவம்பரில் பிந்தி வரும் ஆண்டென்றால் காத்திருக்காதே, பத்தாம் வாரத்திலேயே நடத்திவிடு. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை புரட்டாசி என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள். அந்த நாட்களில் நம் வீடுகளில் பாதிப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள். வெள்ளி மதியம் 1 மணிக்கு எதையும் வைக்காதே, முஸ்லிம் நண்பர்கள் தொழுகைக்குப் போயிருப்பார்கள்.

சொற்பொழிவை ஐந்தாம் வாரம், வெள்ளி மாலை வை. இடம் எல்டி27 விரிவுரைக் கூடம் என்று எழுதியிருக்கிறாய். நூற்றுக்கணக்கான இருக்கை உள்ள கூடத்தில் 60 பேர் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்தால், பேசுகிறவருக்கே மனம் விட்டுப்போகும். இலவச நிகழ்ச்சிக்கு 90 பேர் பதிந்தால் 60 பேர் வருவார்கள் என்று கணக்கு வை. 70 பேர் கொள்ளும் வகுப்பறையே போதும். மழை கொட்டினால் அதிலும் பத்துப் பேர் குறையும். வார இறுதியிலும் இரவிலும் குளிர்சாதனம் தானாக ஓடுமா, தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்று அறையைப் பதியும்போதே கேட்டுவிடு.

இனிச் சாப்பாடு. அதிகம் குழம்புவது இங்கேதான். நீ 7 முதல் 9 வரை பேச்சு, பிறகு விருந்து என்று போட்டிருக்கிறாய். கேட்டரிங் சாப்பாட்டைச் சமைத்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இது சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்லும் கணக்கு. கேட்டரர் அந்த நேரத்தைச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டுப் போவார். மாலை 5 மணிக்குச் சமைத்ததன் கெடு 9 மணி. பேச்சாளர் சரியான நேரத்துக்கு முடித்தாலும் பிரியாணி முழுவதும் குப்பைக்குத்தான் போகும், கட்டிக் கொடுத்தனுப்பவும் கூடாது. அதனால் வரிசையை மாற்று. 6.15க்குச் சாப்பாடு வந்து இறங்கட்டும். 6.30 முதல் 7 வரை சாப்பிடட்டும். ஏழு கடந்ததும் முஸ்லிம்களின் மக்ரிப் தொழுகை நேரம், தொழுகிறவர்கள் போய்வர 20 நிமிடம் விடு. பேச்சு 7.25க்குத் தொடங்கட்டும். அறைக்குள் சாப்பிட விடமாட்டார்கள், மேசைகளை வெளியே இடைகழியில் போட அனுமதி வாங்கு.

ஆர்டரில் ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் முட்டை போட்ட நூடுல்ஸ் வந்து நிற்கும். ‘முட்டையும் இல்லாத சைவம்’ என்று எழுது. ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரரையே பார், மாட்டிறைச்சி வேண்டாம் என்றும் சொல்லிவிடு. சைவத் தட்டுகளைத் தனி மேசையில் வை. ஒரே மேசையில் வைத்தால் கோழிக் கரண்டி பருப்புக்குள் போவதை யாராலும் தடுக்க முடியாது. புரட்டாசியில் வரும் பயிலரங்குக்கு முழுச் சைவமாகவே சொல், பணமும் மிச்சம்.

பேச்சாளருக்கு 40 நிமிடம், கேள்விக்கு 20 நிமிடம். வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை மூன்றையும் சேர்த்து மூன்று நிமிடத்தில் ஒருவரே முடிக்கட்டும். பொன்னாடை போர்த்துவதில் எனக்கு மறுப்பில்லை, யார் யாருக்குப் போர்த்துவது என்று மேடையில் நின்று தேடுவதைத்தான் பார்க்கச் சகிக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இனம், சமயம், அரசியல் தொட்டுப் பேசுவதென்றால் மனிதவள அமைச்சின் தனி அனுமதி அட்டை வேண்டும். தலைப்பை முடிவு செய்யும்போதே அதைப் பார்த்துக்கொள். அவருடைய படவில்லைகளை பிடிஎஃப் ஆகவும் கேட்டு வாங்கு. யுனிகோட் வருவதற்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழெல்லாம் புரியாத ரோமன் எழுத்தாகக் கொட்டும். முந்தின நாளே அந்த அறைக் கணினியில் திறந்து பார்.

விக்கிப்பீடியா பயிலரங்கு நல்ல யோசனை. 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றிய வேலை உங்கள் வளாகத்தில்தான் நடந்தது. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அதில் தமிழுக்கு உழைத்தவர். தொடக்கத்தில் இதை இரண்டு வரியில் சொல். ஆனால் உன் திட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘வந்ததும் எல்லாரும் கணக்குத் திறப்பார்கள்’ என்று போட்டிருக்கிறாய். ஒரே இணைய (ஐபி) முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குக்கு மேல் திறக்க விக்கிப்பீடியா விடாது. வளாக வைஃபையில் இருப்பவர்கள் வெளியே ஒரே முகவரியாகத் தெரிந்தால் ஏழாவது ஆளிலிருந்து எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு நாள் முன்னதாக வீட்டிலேயே திறக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பு. மறந்து வருகிறவர்கள் கைப்பேசி டேட்டாவில் திறக்கட்டும்.

நன்யாங் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர்கள், பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான எடுரோம் வைஃபையை அவர்கள் வளாகத்திலேயே ஒருமுறை இணைத்துவிட்டு வந்தால் இங்கும் வேலை செய்யும். தமிழ் விசைப்பலகையையும் முன்கூட்டியே சேர்த்துவிட்டு வரச் சொல். மேக்கிலும் ஐபோனிலும் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. இதை அங்கே வந்து தேடினால் முதல் அரை மணி அதிலேயே கரையும்.

24 பேருக்கு மேல் எடுக்காதே. ஆறு பேருக்கு ஒருவர் வீதம் நான்கு உதவியாளர் வேண்டும். உதவியாளர்கள் சுவரோரம் நிற்காமல் மேசைகளுக்கு நடுவே உட்கார வேண்டும், கை தூக்கிக் கேட்க நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். மின் நீட்டிப்புப் பலகை ஒன்றின் வாலில் இன்னொன்றைச் செருகாதே. கம்பிகளைத் தரையோடு ஒட்ட நாடா எடுத்துக்கொள். முதல் மணி நேரத்தில் புதுக் கட்டுரை எழுத விடாதே. ஏற்கெனவே உள்ள கட்டுரை ஒன்றில் ஒரு சான்றைச் சேர்க்கட்டும். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு நாளிதழ்கள் இருக்கின்றன, அங்கிருந்து ஆளுக்கொரு செய்தியை எடுத்து வைத்துக்கொள். வெட்டி ஒட்டினால் அன்று மாலையே நீக்கிவிடுவார்கள் என்பதை முதலிலேயே சொல்.

பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்டிருக்கிறாய், எடுத்துவிடு. 2019 செப்டம்பரிலிருந்து சட்டம் கோரினால் அல்லது ஆளை உறுதி செய்வது மிக அவசியமானால் ஒழிய அமைப்புகள் அதைக் கேட்கக் கூடாது. பெயர், மின்னஞ்சல், சாப்பாட்டு வகை போதும். கட்டணம் வசூலித்தால் கைப்பேசி வழியே பணம் அனுப்பும் பேநவ்வில் பொருளாளரின் சொந்த எண்ணுக்கு வாங்காதே, கணக்கு முடிக்கும்போது நண்பர்களுக்குள் மனக்கசப்புதான் மிஞ்சும்.

ஒன்றுகூடலுக்கு நீ போட்ட ஆட்டம் பாட்டம் எல்லாம் இருக்கட்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் ஒரு மூலை, சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் ஒரு மூலை, ஜொகூர், பினாங்குக்காரர்கள் இன்னொரு மூலை என்று எண்ணெயும் தண்ணீருமாக நின்றுவிட்டுக் கலைவதுதான் வழக்கம். வாசலில் பெயர் அட்டை கொடுக்கும்போதே மேசை எண்ணையும் எழுதிக் கொடு, ஒன்றாக வந்த இருவருக்கு ஒரே எண் விழக் கூடாது. செயலவையினர் ஆளுக்கொரு மேசையில் உட்காரட்டும். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவர்களைத் திருத்த வேண்டாம் என்று முன்பே செயலவையினரிடம் சொல்லிவை. ஒருமுறை திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த கூட்டத்துக்கு வராது. குத்துவிளக்கு ஏற்றக் கூட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும், கிடைக்காவிட்டால் மின்விளக்கு வை. கோலத்தைத் தரையில் போடாமல் பலகையில் போடு, துடைக்கும் வேலை மிச்சம்.

சுவரொட்டியில் இடத்தின் பெயரோடு மாடி எண்ணும் வழியும் இருக்கட்டும். வளாகத்தின் யூடவுன் பகுதி என்றால், கென்ட் ரிட்ஜ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி டி2 வளாகப் பேருந்து ஏறச் சொல். வெளியாட்களுக்கு உங்கள் வளாகம் ஒரு குன்று, நடந்து வந்தால் வியர்த்துப்போய்ப் பாதிப் பேச்சில்தான் நுழைவார்கள்.

அறைப் பதிவை இந்த வாரமே போடு. கேட்டரரிடம் எண்ணிக்கை சொல்லுமுன் ஆர்டர் தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா