பாம்பு விஷம் கேன்சரை கொல்லுது சரி, எங்க வச்சு கொன்னுச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பாம்பு விஷத்துல இருந்து எடுத்த பெப்டைடு, அதாவது சின்ன புரதத் துண்டு, கேன்சர் செல்லையும் கிருமியையும் கொல்லுதுன்னு நீங்க போட்ட செய்திய படிச்சேன். செய்தி தப்புன்னு சொல்ல வரல. ஆனா கொன்னது ஆய்வுக்கூட தட்டுலயா, எலி உடம்புலயா, மனுஷன் உடம்புலயான்னு கடைசி வரைக்கும் ஒரு வரி கூட இல்லையே.

இங்க சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கற எங்க பெரியம்மா அத அழகா கத்தரிச்சு கீமோ அப்பாயின்ட்மென்ட் கார்டு இருக்கற பிளாஸ்டிக் ஃபைலுக்குள்ள சொருகி வச்சிருக்காங்க, இந்த ஊசி எப்ப வரும் அதுவரைக்கும் கீமோவ தள்ளிப்போடலாமான்னு போன் பண்ணி கேக்கறாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு சித்தப்பா அதுக்கெல்லாம் ஏன் காத்திருக்கணும், பாம்ப ஊறப்போட்ட சாராயம், அந்த பாம்பு வைன் குடிச்சா போதும்ங்கறார். அதுல விஷமே இருந்தாலும் வயித்துல மத்த புரதம் மாதிரி செரிச்சுதான் போகும்னு சொன்னா அவருக்கு கோவம் வருது.

நான் மருந்துக்கடை கவுண்டர்ல வேலை பாக்கறவன். விஷத்துல இருந்து மருந்து வரவே வராதுன்னு நான் சொல்லமாட்டேன், தினமும் எடுத்து குடுக்கறேனே. பிரேசில்ல ஜராராக்கான்னு ஒரு விரியன், அதோட விஷம் நம்ம உடம்புல ரத்தக் குழாய விரிக்கற பிராடிகினின்ங்கற பொருளோட வேலைய கூட்டுதுன்னு 1960கள்ல செர்ஜியோ ஃபெரேராங்கற விஞ்ஞானி கண்டுபிடிச்சார். அதுல கிடைச்ச பெப்டைடு ரத்த அழுத்தத்த குறைச்சுது, ஆனா ஊசியா மட்டும்தான் போட முடிஞ்சுது, வாய் வழியா குடுத்தா பிரயோஜனம் இல்ல. அப்புறம் ஸ்குவிப்ங்கற மருந்து கம்பெனில குஷ்மன், ஒன்டெட்டின்னு ரெண்டு பேர் அது வேலை செய்யற விதத்த புரிஞ்சுக்கிட்டு வாய் வழியா குடுக்கற சின்ன மூலக்கூறா கேப்டோப்ரில்ங்கற மருந்த செஞ்சாங்க, 1981ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. இன்னைக்கு எங்க அடுக்குமாடி புளோக்குல பாதி பேர் முழுங்கற எனலாப்ரில், லிசினோப்ரில் எல்லாம் அந்த குடும்பம்தான். மாத்திரையில சொட்டு விஷம் கிடையாது. அந்த மாத்திரை ஒத்துக்காதவங்களுக்கு வர்ற வறட்டு இருமலுக்கும் அதே பிராடிகினின் மேலதான் சந்தேகம்!

நம்ம ஊர் பக்கத்து சுருட்டை விரியன் விஷத்த பாத்து செஞ்சதுதான் டைரோஃபிபான்ங்கற மருந்து, 1998ல இருந்து மாரடைப்பு கேஸ்ல ரத்தம் கட்டாம இருக்க போடறாங்க. ரத்தத் தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கற கொக்கிய அது பிடிச்சுக்கும். அந்த வகை கொக்கிகள கேன்சர் செல்லும் ஒட்டிக்கவும் பரவவும் பயன்படுத்துது, அதனாலதான் விரியன் விஷத்து பக்கம் கேன்சர் ஆராய்ச்சியும் திரும்புச்சு. அமெரிக்க காப்பர்ஹெட் விரியனோட விஷத்துல இருக்கற கன்டோர்ட்ரோஸ்டாட்டின்ங்கற புரதம் எலிகள்ல மார்பக கட்டி வளர்றத நல்லாவே குறைச்சுது. ஆனா எலிதான். கேன்சருக்குன்னு அனுமதி வாங்கின பாம்பு விஷ பெப்டைடு இதுவரைக்கும் ஒண்ணு கூட இல்ல.

கிருமி கதைக்கு தூரமா போகவே வேணாம். ஆஸ்திரேலியா இன்லேண்ட் தைப்பான் பாம்போட விஷத்துல இருந்து ஓம்வாப்ரின்னு ஒண்ண பிரிச்சு 2007ல ஆய்வுக் கட்டுரை போட்டது நம்ம சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம், என்யுஎஸ் ஆளுங்க. சில பாக்டீரியாவ கொன்னுச்சு, எலிக்கு கெடுதல் பண்ணல, சிவப்பணுவையும் உடைக்கல. இந்த கடைசி விஷயம் சும்மா இல்ல, பாக்டீரியா தோல ஓட்டை போடற பெப்டைடு நிறைய நம்ம ரத்த அணுவையும் சேத்து ஓட்டை போட்டுடும், அப்படியே தப்பிச்சாலும் ரத்தத்துல இருக்கற என்சைம் அத சீக்கிரம் வெட்டிப்போட்டுடும். தட்டுல ஜெயிச்சது ஆஸ்பத்திரி வரைக்கும் வராம நிக்கறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம், இத எழுதினா செய்தி போரடிக்கும்னு நினைக்காதீங்க, எனக்கு இதுதான் சுவாரசியமே.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார், அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி வந்தா தலைப்புக்கு கீழயே தட்டு, எலி, மனுஷன், இதுல எதுன்னு போட்டுடுங்க. முடிஞ்சா என்யுஎஸ்ல விஷ ஆராய்ச்சி பண்றவங்கள ஒரு பேட்டி எடுங்க, ஞாயித்துக்கிழமை பக்கத்துல வந்தா எங்க பெரியம்மா அதையும் கத்தரிச்சு வைப்பாங்க.

இப்படிக்கு,
யீஷூன் வாசகர்