சுடுமண் பிள்ளைகளுக்குக் கைகொடுத்த கரையோர உறவுகளுக்கு

பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைப் பருவத்தையும் நம்ம ஊர் வாழ்க்கையையும் சொல்லும் என் சுடுமண் சிற்பங்களின் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி மானாமதுரைக் குயவர் வேளார் ஐயாவுக்கு. கடலோரத்தில் சிமெண்டுச் சிலை வைத்தால் உப்புக்காற்றுக்கு உள்ளே இருக்கிற கம்பி துருவேறி, மேல்பூச்சு பிளந்துவிடும். அதனால்தான் சுடுமண்ணைப் பிடித்துக்கொண்டேன். கண்மாய் மண்ணை ஊறப்போட்டு, மிதித்து, கல்லும் வேரும் பொறுக்கி, பதம் பார்த்துத் தந்தது ஐயாதான். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற நாளில் ஈரச்சாக்கு போர்த்தி நிழலிலேயே காயவைக்கச் சொன்னார். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் விரிசல் விடுமாம். சூளையிலும் முதலில் சிறுதீதான். ஈரம் போகுமுன் தீயைக் கூட்டினால் சிலை வெடித்துப்போகும் என்று விடிய விடிய சூளை வாயை விட்டு நகராமல் இருந்தார். அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?

சின்னப்பாலத்து அக்காமார்களே, கடல்பாசி எடுக்கப் போகுமுன் பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொள்வீர்கள். ஓர் அக்காவுக்கு அவர் மகள் சுற்றிவிட்டாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். கண்காட்சியில் வெகுநேரம் ஆட்கள் நின்று பார்த்த சிற்பம் அதுதான். புறப்படும் அவசரத்திலும் எனக்காக அம்மாவும் மகளும் பொறுமையாக உட்கார்ந்து காட்டினீர்கள். உங்கள் பிழைப்பு நேரம் அது, எனக்குத் தெரியும்.

நுங்கு வண்டிப் பையன் சிற்பம் உச்சிப்புளி அப்பத்தா சொல்லித் தந்தது. தின்றுபோட்ட நுங்குக் கூடு இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு வாசலில் ஓடியே காட்டினார். “சக்கரத்தப் பாத்துக்கிட்டேதான்யா ஓடுவோம், பாதைய எவன் பாத்தான்?” என்றார். அந்தக் குனிந்த கழுத்தும் ஒருபக்கம் சாய்ந்த தோளும் அப்பத்தாவுடையவை. பனையோலைக் காத்தாடிக்கு முள் குத்திக் காட்டிய பொடிசுகளுக்கும் என் முத்தங்கள்.

சிலைகளைக் கண்காட்சிக்கு ஏற்றிய நேரம், விசைப்படகு அண்ணன்மார்களுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு புழங்காத நேரம். ஆனாலும் கூலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பழைய வலையால் சிலைகளைச் சுற்றி, வைக்கோல் அடைத்து, மீன் பெட்டிகளில் இறக்கி வைத்தீர்கள். சிலைகளில் ஒரு விரல்கூட உடையவில்லை. மினி லாரி தந்து, டீசல் காசுகூட வாங்க மறுத்த பெரியபட்டினத்து அண்ணன், நம்ம காக்காவுக்கும் நன்றி.

நுங்கு வண்டிப் பையன் இனி அப்பத்தா ஊர்ப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் இருப்பான். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால் தடுக்காதீர்கள். எங்காவது பெயர்ந்தால் சொல்லி அனுப்புங்கள், வந்து ஒட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சிற்பி