பில்லிங் மென்பொருள் எழுதித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்திலும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. உங்கள் மென்பொருள் நன்றாகத்தான் பில் போடுகிறது. என் சண்டை அதன் பேக்கேஜில், அதாவது கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு நீங்கள் தரும் கோப்பில், நீங்கள் எழுதிவைத்த ஒரே ஒரு வரியோடு.

போன மாதம் ஒரு மளிகை மண்டிக் கம்ப்யூட்டரை ஓட்டும் உபுண்டு என்ற இயங்குதளத்தை 20.04 பதிப்பிலிருந்து 22.04 ஆக்க உட்கார்ந்தேன். பழையதற்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது. ஆனால் அப்டேட்டைக் கணக்கிடவே முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. தோண்டினால், உங்கள் மென்பொருள் ஓடத் தேவையான பைத்தான் என்ற நிரல்மொழி 3.9-க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று உங்கள் பேக்கேஜ் அடம்பிடிக்கிறது. 20.04-இல் இருப்பது 3.8, 22.04-இல் வருவது 3.10. உபுண்டுவின் சொந்தக் கருவிகளே பல பைத்தானை நம்பி ஓடுபவை. உங்கள் ஒருவருக்காக அது பழையதைப் பிடித்துவைத்திருக்காது.

கழற்றிவிட்டு அப்டேட்டை முடித்தேன். திரும்ப ஏற்றப்போனால் ஏறவில்லை. போன் போட்டேன். "ஃபோர்ஸ் டிபெண்ட்ஸ் குடுத்து ஏத்துங்க சார்" என்றார் உங்கள் பையன்; தேவையானது இல்லாவிட்டாலும் கட்டாயப்படுத்தி ஏற்றச் சொல்லும் கட்டளை அது. (அவரைத் திட்டாதீர்கள், சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்.) ஏறியது, பில்லும் வந்தது. மறுநாள் பிரிண்டர் டிரைவர் போடப்போனால், உபுண்டுவில் மென்பொருள்களை ஏற்றி இறக்கும் ஏப்ட் (apt) மறுத்துவிட்டது: முதலில் உடைந்ததைச் சரிசெய் என்றது. சரிசெய்யச் சொன்னால், உங்கள் மென்பொருளையே நீக்கட்டுமா என்று கேட்டது. பேக்கேஜை நேரடியாக ஏற்றும் டிபிகேஜி (dpkg) கருவியை மிரட்டி உள்ளே நுழைத்ததை ஏப்ட் கணக்கில் வைத்திருக்கிறது. இது புரியாமல் சரி என்று 'ஒய்' தட்டினேன், உங்கள் மென்பொருள் போய்விட்டது. "ஓடிக்கிட்டிருந்ததை ஏம்ப்பா புடுங்கின?" என்று முதலாளி கேட்டபோது என்ன சொல்ல?

3.10-இல் ஓட்டிப் பார்த்தீர்களா? ஓடுகிறதென்றால் '3.9-க்குக் கீழே' என்ற அந்த மேல்வரம்பை எடுத்துவிடுங்கள். ஓடாதென்றால் உங்களுக்கு வேண்டிய பைத்தானை உங்கள் பேக்கேஜுக்குள்ளேயே வைத்து, வெளி மென்பொருள்களுக்கான /opt அடைவில் தனியாக இறக்குங்கள்; இடம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். திடீரென்று வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், பெயரிலேயே வருடமும் மாதமும் இருக்கிறது. 24.04 வந்து பைத்தான் 3.12-க்கே போய்விட்டது.

எஸ்டேட் கம்ப்யூட்டர் இன்னும் 20.04-இல்தான் நிற்கிறது. புதிய பேக்கேஜை அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரே தடவை ஏறி வேலையை முடித்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக்