முகவரி திரட்டுவது துப்பறிதல் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இசைத் திருட்டைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இசை நிறுவனங்கள் அமர்த்தும் புலனாய்வாளர்கள் செய்வதெல்லாம் ஒரு மென்பொருளை ஓடவிட்டு, பாடல்களைப் பகிரும் கணினிகளின் இணைய முகவரிகளைத் (ஐ.பி. முகவரி) திரட்டுவதுதான் என்று அதில் ஒரு வரி வருகிறது. இரண்டு முறையும் அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒலிப்பொறியாளராக இருப்பவன். அத்தகைய புலனாய்வாளர் ஒருவர் தம் வேலையைப் பொறுமையாகச் செய்திராவிட்டால் இன்று இந்தத் தொழிலிலேயே இருந்திருக்க மாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் மிக்ஸிங் செய்து கொடுத்த ஓர் இசைத் தொகுப்பு, வெளியாவதற்குப் பதினோரு நாள்கள் இருக்கும்போதே இணையத்தில் கிடைத்தது. கோப்புகள் என் கையில் இருந்தவை என்பதால் சந்தேகமும் என் மேல்தான் விழுந்தது. யாரும் நேரில் குற்றம் சாட்டவில்லை. கூப்பிட வேண்டியவர்கள் கூப்பிடாமல் இருந்தார்கள், அவ்வளவே. ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. பிறகு நிறுவனம் அனுப்பிய புலனாய்வாளர் வந்தார். என்னை விசாரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கசிந்த கோப்பையும் என் இறுதிக் கோப்பையும் மாற்றி மாற்றிக் கேட்டார். மூன்றாவது பாடலில், இரண்டாம் சரணம் தொடங்குமுன் பாடகி மூச்சை இழுக்கும் ஓசை திருட்டுப் பிரதியில் இருந்தது. இறுதிக் கோப்பில் இல்லை. "இந்த மூச்சை என்றைக்கு நீக்கினீர்கள்?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

வெளியே அனுப்பப்பட்ட பிரதிகள் மொத்தம் ஏழு. அவற்றில் முதல் நான்கு, அந்த மூச்சை நான் நீக்குவதற்கு முன் போனவை. ஒவ்வொரு பிரதியிலும், அனுப்பும் நேரத்தில், பெறுபவருக்கு ஒன்றாக வெவ்வேறு வாட்டர்மார்க், அதாவது ஒலிக்குள் மறைத்து வைக்கும் அடையாளம், பதிக்கப்பட்டிருந்தது. அது காதுக்குக் கேட்காது. எம்பி3 ஆகச் சுருக்கினாலும் அழியாது. திருட்டுப் பிரதியைச் சோதித்தபோது கிடைத்தது நான்காம் பிரதியின் அடையாளம். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த மூலக் கோப்பில் அடையாளமே கிடையாது என்பதால், கசிவு அங்கிருந்து நடக்கவில்லை என்பதும் அன்றே உறுதியாயிற்று. என் பெயரைக் காப்பாற்றியது அந்த வேலைதான்.

அந்தச் சமயத்தில் 'ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கசிந்தது' என்று தங்கள் இதழ் எழுதியதையும், உண்மை தெரிந்த பின் நான் அனுப்பிய கடிதம் வெளிவராமல் போனதையும் இப்போது சொல்லத் தயங்கினேன். ஆனால், அதே இதழில் வெளியீட்டுக்கு முன் கசிந்த பாடல்களை 'ரசிகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்த விருந்து' என்று தலைப்பிட்ட செய்தியையும் படித்திருப்பதால், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போதைய கட்டுரைக்கு வருகிறேன். வாட்டர்மார்க்கும் ஒலிக் கைரேகையும் ஒன்றே என்பதுபோல் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. கைரேகை என்பது பாடலின் ஒலியிலிருந்தே கணக்கிட்டு எடுக்கப்படுவது. ஒரே பதிவின் எல்லாப் பிரதிகளுக்கும் அது ஒன்றாகவே அமையும். இது எந்தப் பாடல் என்று அது சொல்லும். எவருடைய பிரதியிலிருந்து வெளியே போனது என்று சொல்லக்கூடியது, பிரதிக்கு ஒன்றாகப் பதித்த வாட்டர்மார்க் மட்டுமே. இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் என் வழக்கை விசாரித்திருந்தால் என் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

முகவரி திரட்டும் வேலை நடந்ததே இல்லை என்று நான் வாதிடவில்லை. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் அப்படித் திரட்டிய முகவரிகளைக் கொண்டு, இணையத்தில் பாடல்களைப் பகிர்ந்ததாக 2003 செப்டம்பரில் 261 பேர் மீது வழக்குத் தொடுத்தது. 2008 இறுதியில் அந்த முறையைக் கைவிடுவதற்குள் அப்படிச் சிக்கியவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். முதல் தொகுதியிலேயே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். 66 வயது மூதாட்டி ஒருவர் மீதும் வழக்குப் போட்டார்கள். பாடல்களைப் பகிர்ந்ததாகச் சொன்ன மென்பொருள் அவருடைய கணினியில் ஓடவே ஓடாது என்று தெரிந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். ஐ.பி. முகவரி, இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருந்தது யார் என்பதைக் காட்டாது. துப்பறியாமல் வழக்குத் தொடுத்ததால் வந்த அவமானம் அது. அந்தப் பழியைத் துப்பறிபவர்கள் தலையில் சுமத்துவது எவ்வகையில் நியாயம்?

குறுந்தகடு காலத்தில் இவர்கள் செய்த வேலையைத் தங்கள் கட்டுரையாளர் ஒருமுறை பார்த்திருக்கலாம். ஒரு தகட்டைத் திருப்பி, விளக்கொளியில் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள பகுதியைச் சாய்த்துப் பார்த்தால் பொடி எழுத்துகள் தெரியும். சர்வதேச ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பும் பிலிப்ஸ் நிறுவனமும் 1994-இல் கொண்டுவந்த அடையாளக் குறியீடு அது; மூலத்தகட்டை வெட்டிய இயந்திரத்துக்கு ஒன்று, வார்ப்பு அச்சுக்கு ஒன்று. திருட்டுத் தகடு அடிப்பவர்கள் அச்சில் இருந்த குறியீட்டைச் சுரண்டி எடுத்தார்கள். புலனாய்வாளர்கள் அதற்கும் சளைக்கவில்லை. அச்சு தகட்டின் மேல் விட்டுச்செல்லும் மிக நுண்ணிய கீறல்களை, ஆலைகளிலிருந்து வாங்கி வைத்திருந்த மாதிரித் தகடுகளோடு உருப்பெருக்கியின் கீழ் ஒப்பிட்டு, எந்த ஆலையில் அடித்தது என்று கண்டுபிடித்தார்கள். எந்த மென்பொருளை ஓடவிட்டு அவர்கள் அதைச் செய்தார்களாம்?

இணைய காலத்திலும் அப்படித்தான். 2014 டிசம்பரில் பாடகி மடோன்னாவின் முடிவுறாத பாடல்கள் வெளியே வந்தபோது, தனியார் புலனாய்வாளர்கள் தடம்பிடித்துக் கொடுத்த தகவலைக் கொண்டு இஸ்ரேல் காவல்துறை அடுத்த மாதமே ஒருவரைக் கைது செய்தது. அவருக்கு 14 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதுவரை, பாடகிக்கு நெருக்கமாக வேலை செய்த எத்தனை பேர் என்னைப்போல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்திருப்பார்கள் என்பதை நான் நன்றாக உணர்வேன்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே. வாட்டர்மார்க் வேறு, ஒலிக் கைரேகை வேறு என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரை வெளியான அதே பக்கத்தில் அது வந்தால் நன்றியுடையவனாவேன். முன்பு அனுப்பி வெளிவராமல் போன கடிதத்தின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓர் ஒலிப்பொறியாளர்