பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நீ வாங்கிக்கொடுத்த பட்டையைத் தினமும் மாட்டிக்கொள்கிறாள். ஐப்பசி பிறந்தும் மழை இன்னும் பிடிக்கவில்லை. பெரியப்பா வீட்டில் மாடி எடுக்கிறார்கள். கம்பி கட்டுகிற இடத்தில் நான்தான் போய் நிற்கிறேன். பெரியப்பா இருந்திருந்தால் அவரே நின்று பார்த்திருப்பார்.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பிப்பதற்குள் "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நானே படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புவேன், குடும்ப குரூப்பில் போட மாட்டேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி. சாப்பிடாமல் படிக்காதே.

நாங்கள் அங்கே ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்ததைப் பற்றி உன்னிடம் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. கூட்டிப் போக வந்தபோது "எப்படிப்பா இருந்தது?" என்றாய். "நல்லா இருந்தது" என்றேன். அதற்கு மேல் நீ கேட்கவில்லை. உன் கண் வீங்கியிருந்தது. அம்மா கேட்டதற்கு அலர்ஜி என்றாய். உன் ஊர் டம்பா வரும்வரை காரில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இப்போது சொல்கிறேன்.

நீ எழுதிக்கொடுத்த தாளின்படி நாங்கள் எதையும் செய்யவில்லை. எத்தனை மணிக்கு எந்த வரிசை, எங்கே சாப்பாடு, எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்று அவ்வளவு அக்கறையாக எழுதியிருந்தாய். அதை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், இப்போதும் என் டைரியில் இருக்கிறது. ஒரு ராட்டினத்திலும் ஏறவில்லை. மிக்கி மவுஸுடன் படமும் எடுக்கவில்லை. காசை வீணாக்கிவிட்டோம் என்று நீ நினைக்கக் கூடாது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியிராமல் நாங்கள் இருவரும் இருந்த நாள் அது ஒன்றுதான் என்று அம்மா சொல்கிறாள். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரிதான்.

காலையில் அந்த ஓட்டலில் உட்கார்ந்தே நேரம் போய்விட்டது. கட்டிடத்தின் நடுவயிற்றுக்குள் புகுந்து மோனோரயில் என்ற ஒற்றைத் தண்டவாள ரயில் போகிறதே, அந்த கன்டெம்பரரி ஓட்டலில்தான். எனக்கு அந்தக் கட்டிடத்தை விட்டு வர மனமில்லை. முதலில் இரும்புச் சட்டத்தை நிறுத்திவிட்டு, அறைகளை வேறிடத்தில் தனித்தனியாகச் செய்து கொண்டுவந்து, கிரேனில் தூக்கி உள்ளே பொருத்தியிருக்கிறார்கள். 1971இல் செய்த வேலை. பொதுப்பணித்துறையில் காலம் தள்ளியவனுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் சொல். அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேரி பிளேர் என்ற அம்மையார் வரைந்த, ஓடுகள் பதித்த சுவர்ச் சித்திரம், 90 அடி உயரம், முழுக்கக் குழந்தைகளும் பறவைகளும் ஆடுகளும். "அந்த ஆட்டுக்கு அஞ்சு கால் இருக்கு" என்றாள். நான் நம்பவில்லை. எண்ணிப் பார்த்தேன், அஞ்சுதான். வேண்டுமென்றே அப்படி வரைந்திருக்கிறார்களாம். அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் அம்மா சைகையில் கேட்க, அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அம்மாவுக்கு உற்சாகம்தான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வரவேற்பில் இரண்டு அறைச் சாவி கொடுத்தார்கள். இரண்டாவது உங்கள் பெயரில் இருந்தது. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று நீ விட்டிருப்பாய். அந்த அறை பூட்டியே கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அம்மா அந்தக் கதவைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கு அன்று ஆபீஸில் ஏதோ அவசரம் என்று அவர் சொன்னார். உனக்கும் அவசர வேலை என்று நீ சொன்னாய். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை வருவது சகஜம்தான். அவர் நல்லவர். எங்களை விமான நிலையத்தில் வந்து கூப்பிட்டது, எனக்கு மாத்திரை வாங்க ராத்திரி பதினோரு மணிக்குக் கடைக்குப் போனது எதையும் நான் மறக்கவில்லை. நம் சொந்தத்தில் யார் கேட்டாலும் என் மாப்பிள்ளையைப் பற்றி அப்படித்தான் சொல்கிறேன்.

அப்புறம் மோனோரயிலில் எப்காட் போனோம், அது டிஸ்னி வேர்ல்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு பூங்கா. நடுவில் ஓரிடத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். அம்மாவுக்கு அங்கே சக்கர நாற்காலி எடுத்தேன். முதலில் வேண்டாம் என்றாள், பிறகு "நல்லாத்தான் இருக்கு, தள்ளுங்க" என்றாள். லேண்ட் என்ற கட்டிடத்துக்குள் ஒரு படகு போகிறது. உட்கார்ந்தால் போதும், அது கண்ணாடித் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போகிறது. மண்ணே இல்லாமல் காய்கறி வளர்க்கிறார்கள். வேர் அந்தரத்தில் தொங்குகிறது, அதன்மேல் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். ஒரு பக்கம் வாழையும் பலாவும் நிற்கின்றன. பலாவைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். அங்கே விளைவதை அங்கேயே சமைத்துப் பரிமாறுகிறார்களாம். படகை விட்டு இறங்கினோம். "இன்னொரு தடவை போவோமா?" என்றாள். போனோம்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஜூலையில் ஃபுளோரிடாவில் தினமும் அப்படித்தான் என்று நீ சொல்லியிருந்தாய். குற்றாலத்துச் சாரல் மாதிரி இல்லை, வானத்தைத் திறந்து கொட்டுகிறது. நாங்கள் எப்காட்டில் இருக்கிற அந்தப் பெரிய வெள்ளை உருண்டைக் கட்டிடத்துக்கு அடியில் ஒதுங்கினோம். 180 அடி உயரம் அது. அவ்வளவு பெரிய உருண்டையில் விழுகிற மழை அடியில் நிற்பவர்கள் தலையில் வழிய வேண்டும், ஆனால் வழியவில்லை. மேலே தெரியும் தகடுகளுக்கு இடையில் இடைவெளி விட்டு, உள்ளே போகிற தண்ணீரை வாய்க்கால் வைத்துப் பிடித்து, அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்கே அனுப்பிவிடுகிறார்கள். அதை அம்மாவுக்கு விளக்கினேன். அவளும் கேட்டாள், நடுவில் எழுந்து போக அடுப்பு இல்லையே. அப்புறம் தானாகவே, "நம்ம பிள்ளை சிரிச்சுப் பாத்து எத்தனை நாளாச்சு?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மழை விடும்வரை அங்கேயே நின்றோம்.

நீ சரியாகச் சாப்பிட வேண்டும் பாப்பா. காலையில் காபியோடு ஓடுகிறாய். மத்தியானம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து ஏதோ கொறிக்கிறாய். ராத்திரி ஒரு வேளையாவது இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாங்கள் இருந்த நாட்களில் நீ ஒரு நேரம், அவர் ஒரு நேரம் என்று சாப்பிட்டீர்கள். வேலை நேரம் அப்படி என்றாய். சரி, ஆனாலும் ஒரு வேளை.

அந்த ஆபீஸ் அறையில் இருக்கிற சோபாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நீளம் போதாது. மாப்பிள்ளை உயரமானவர், கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். முதுகு போய்விடும். இந்த வயதில் தெரியாது, ஐம்பதில் தெரியும். நான் ராத்திரி மாத்திரை போட எழுந்திருக்கிறவன். அதனால் எனக்குத் தெரியும். ஒரு நாள் என்றால் ராத்திரி வெகுநேரம் வேலை பார்த்தார், அங்கேயே கண் அயர்ந்துவிட்டார் என்று நினைப்பேன். தலையணையும் போர்வையும் பகலில் மடித்து அலமாரிக்குள் வைத்திருந்ததையும் பார்த்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லாமல் இருக்கிறாளோ என்னவோ.

என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லவும் வர மாட்டேன்.

உனக்கு மணிமுத்தாறு குவார்ட்டர்ஸ் நினைவிருக்கும். நீ அப்போது மூன்றாவது படித்தாய். அந்த வருடத்தைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் இங்கே பேசப்போவதில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். பெரியப்பா ஒரு நாள் காலையில் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். உன்னைத் தூக்கிப் பெரியம்மாவிடம் கொடுத்தார். எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு பாபநாசத்தில் இறக்கிவிட்டார். "சாயங்காலம் வந்து கூப்பிட்டுக்குறேன்" என்று போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. படித்துறையில் மத்தியானம்வரை பேசாமல்தான் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அம்மாதான் "பசிக்குது" என்றாள்.

அந்த டிஸ்னி இடத்தின் கதையைப் படித்தபோதும் எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. வால்ட் டிஸ்னி 1966இலேயே போய்விட்டார். அவருடைய அண்ணன் ராய்க்கு ஓய்வு எடுக்கிற வயது. ஆனாலும் தம்பி ஆரம்பித்ததை முடிக்க வேண்டும் என்று நின்று, 1971 அக்டோபர் 1ஆம் தேதி திறந்து வைத்தார். பெயரிலும் தம்பியின் முழுப்பெயரே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சேர்த்தார். அந்த டிசம்பரிலேயே அவரும் போய்விட்டார். தம்பி பெயர்தான் ஊருக்கெல்லாம் தெரிகிறது. அந்த அண்ணனை நினைத்து நான் அன்று ராத்திரி வெகுநேரம் படுத்திருந்தேன்.

மழை விட்ட பிறகு ஏரியைச் சுற்றி நடந்தோம். 11 நாடுகளுக்கு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். பாதி சுற்றில் நிறுத்திவிட்டோம். நார்வேயில் தேங்காய்ப்பூ தூவிய ஒரு ரொட்டி கிடைத்தது, நடுவில் கஸ்டர்ட் வைத்தது. அம்மா அதை விரும்பிச் சாப்பிட்டாள், எனக்குப் பாதி கொடுத்தாள். ஜப்பானில் மீன் குளம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நம் ஊரில் நாலு பேர் பார்க்க அப்படிச் சாய்வாளா? அங்கே யாரும் எங்களைப் பார்க்கவில்லை. நானும் அசையாமல் இருந்தேன்.

ராத்திரி ஓட்டலுக்குத் திரும்பி வெளியே நின்று வாணவேடிக்கை பார்த்தோம். பக்கத்தில் இருக்கிற மேஜிக் கிங்டம் பூங்காவுக்குள் போகாமலே தெரிகிறது. அங்கே நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் பள்ளம் தோண்ட முடியாதாம். அதனால் வேலையாட்கள் போகிற பாதையைத் தரைமட்டத்தில் கட்டி, முன்னால் இருக்கிற ஏரியை வெட்டிய மண்ணை அதன்மேல் கொட்டி உயர்த்தி, மாடியில்தான் பூங்காவையே அமைத்திருக்கிறார்கள். அதையும் அம்மாவுக்குச் சொன்னேன். "போதும், வாணத்தைப் பாருங்க" என்றாள்.

இப்போது நான் கேட்பது இதுதான். நீங்கள் இரண்டு பேரும் அங்கே ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். பொங்கல் கழிந்து ஜனவரி கடைசியில் போனால் வெயிலும் இருக்காது, இந்த இடிமழையும் இருக்காது. கிறிஸ்துமஸ் சமயம் வேண்டாம், கூட்டம் தாங்காது. தாள் எதுவும் எழுதிக்கொண்டு போகாதே. அந்தப் படகில் போங்கள், ஜப்பான் குளத்துப் பக்கம் உட்காருங்கள். பேச வேண்டும் என்று இல்லை. செலவை நான் தருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. நீ வீடு வாங்கியபோதும் என்னிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அதில் எனக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு வருத்தமும் உண்டு. இதையாவது வாங்கிக்கொள். மாப்பிள்ளை கேட்டால், மாமா ஆசைப்பட்டுச் சொன்னார் என்று சொல். அவர் தட்ட மாட்டார்.

அந்தச் சோபாவை யாருக்காவது கொடுத்துவிடு. முதுகுக்கு ஆகாது.

தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் துணி எடுத்துவிட்டோம். முறுக்கும் அதிரசமும் பார்சலில் வரும். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில் வா. போன மூன்று வாரமும் மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்கிறார் என்றாய். இந்த வாரம் அவர் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. எத்தனை மணி ஆனாலும் நாங்கள் விழித்திருப்போம்.

இப்படிக்கு,
அப்பா