சிறப்பு டிஸ்க் வாங்குமுன் ரீஜனையும் நிறத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாங்காங் இயக்குநர் வோங் கர்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' படத்தின் சிறப்பு டிஸ்க் பதிப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அறிமுகத்தைப் படித்தோம். படத்தைப் பற்றி எழுதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "வாங்கிப் பாருங்கள்" என்று முடித்தவர், எதை வாங்குவது, எதில் போட்டுப் பார்ப்பது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இந்தப் படத்துக்கு அது தெரியாமல் பணம் அனுப்பினால் ஒன்று டிஸ்க் ஓடாது. இல்லையென்றால் ஓடும், ஆனால் பலர் புகழ்ந்து எழுதிய அந்தப் படமாக இருக்காது.

முதலில் ரீஜன், அதாவது டிஸ்க்கும் பிளேயரும் உலகின் எந்தப் பகுதிக்கு உரியவை என்ற குறியீடு. அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்ற டிஸ்க் நிறுவனம் வெளியிடும் புளூ-ரே, ரீஜன் 'ஏ' பூட்டுப் போட்டது. இந்தியாவில் விற்கும் பிளேயர்கள் ரீஜன் 'சி'. போட்டதும் இந்த டிஸ்க்கை இயக்க முடியாது என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். டிஸ்க்கில் பழுது ஏதுமில்லை. திருப்பி அனுப்பினால் வீண் செலவு. புளூ-ரேயைவிடக் கூர்மையான 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டுக் கிடையாது, எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். ஆனால் 2022இல் வந்த 4கே பதிப்பின் பெட்டியில் இரண்டு டிஸ்க் உண்டு. 4கே டிஸ்க்கில் இருப்பது படம். நீக்கிய காட்சிகள், படம் உருவான கதையைச் சொல்லும் ஆவணப்படம், பழைய சீனப் படச்சுருள் துண்டுகளை ஒட்டி வோங் செய்த இரண்டரை நிமிடக் குறும்படம் எல்லாம் கூட வரும் புளூ-ரேயில்தான். அந்தப் புளூ-ரே மறுபடியும் ரீஜன் 'ஏ'. டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5ஐ இங்கே வாங்கியவருக்கும் இதே கதை: படம் ஓடும், இணைப்புகள் ஓடாது.

கடைக்காரர் "மல்டி ரீஜன் சார்" என்று சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அது டிவிடிக்கு மட்டும்தான். புளூ-ரேக்கு உண்டா என்று தனியாகக் கேட்டு, ஒரு ரீஜன் 'ஏ' டிஸ்க்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து பிளேயரையே தருவிப்பவர்கள் பின்பக்க லேபிளைப் படிக்க வேண்டும். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மாற்றி போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகிய கணமே உள்ளே பவர் சப்ளை போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் புளூ-ரே கணக்கில் ரீஜன் 'ஏ'. அங்குள்ள மின்சாரமும் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்து ஊருக்கு வரும் உறவினரிடம் ஒரு பிளேயர் சொல்லிவிட்டால் அமெரிக்க டிஸ்க்கும் ஹாங்காங் டிஸ்க்கும் ஓடும். மூன்று தட்டைக் கால் பிளக்குக்கு ஒரு அடாப்டர் மட்டும் போதும். (படத்தின் நாயகன் சௌ வேலைக்காகப் போவதும் 1963இன் சிங்கப்பூருக்குத்தான். நம்மவர் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நடந்துகொண்டிருந்த காலம் அது.)

வந்த பிளேயரில் புது டிஸ்க் ஓட மறுத்தால் ஃபர்ம்வேர், அதாவது பிளேயரின் உள்மென்பொருள், பழசாக இருக்கலாம். தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி, எஃப்ஏடி 32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு ஏற்றலாம். ஏற்றும்போது கரண்ட் போனால் பிளேயர் உயிர்விட்டுவிடும். இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்துச் செய்யுங்கள்.

இனி நிறம். அறிமுகம் எழுதியவர் இதைத் தொடவே இல்லை. எங்களுக்கு வருத்தம் இதில்தான். 2012இல் வந்த கிரைட்டீரியன் புளூ-ரேயும், 2021இல் வோங்கின் படங்களைத் தொகுத்த பெட்டியில் வந்ததும் ஒரே நிறத்தில் இல்லை. பழையதில் சிவப்பு ஆழமாக இருக்கும். விளக்கொளி செம்மஞ்சளாக விழும். இத்தாலியின் பொலோன்யா நகர ஆய்வகத்தோடு சேர்ந்து இயக்குநர் மேற்பார்வையில் செய்த புதியதில் படம் முழுக்க ஒரு மஞ்சள்-பச்சைச் சாயல் ஏறியிருக்கிறது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், படத்தின் நுணுக்கம் கூடியிருக்கிறது, கீறல் இல்லை. ஆனால் சிலருக்கு அது வேறு படம். ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் வடிவத்துக்கே திரும்பாமல் தான் தொடக்கத்தில் மனத்தில் கண்ட வடிவத்தைத் தேர்ந்ததை, பெட்டியோடு வந்த குறிப்பில் வோங்கே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 2022இன் 4கே பதிப்பும் இந்தப் புது நிறம்தான்.

இந்தப் படத்தில் நிறம் அலங்காரம் அல்ல, கதையே அதில்தான் நகர்கிறது. நாள் மாறியதைச் சொல்ல வசனமோ எழுத்தோ பல இடங்களில் கிடையாது. நாயகி மேகி சாங்கின் சியோங்சாம் என்ற, உடலை ஒட்டிய சீன உடை மாறியிருக்கும், அதை வைத்துத்தான் அது வேறு நாள் என்று பிடிக்க வேண்டும். ஹோட்டல் நடைபாதையில் காற்றில் அசையும் சிவப்புத் திரைச்சீலைகள் மங்கினால் அந்தக் காட்சியின் பாதி வேலை நடக்காது. எங்கள் கருத்து இது: முதல் தடவை பார்ப்பவர் பழைய நிறத்தில் பாருங்கள். 2012 டிஸ்க் பழைய சரக்காகக் கிடைக்கும். பெரிய திரை வைத்திருப்பவர், ஏற்கெனவே பார்த்தவர், 4கே வாங்கலாம். இரண்டிலும் வரிசை எண் 147தான், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பின்னட்டையில் 4கே மீட்டெடுப்பு என்று அச்சிட்டிருந்தால் அது புது நிறம்.

டிவிடி மலிவாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வரி. ஐரோப்பாவின் PAL (பால்) என்ற தொலைக்காட்சி முறையில் செய்த டிவிடியில் வினாடிக்கு 24 பிரேம் 25ஆக ஓடும். 98 நிமிடப் படம் 94 நிமிடத்தில் முடிந்துவிடும். மெதுவாக நகர்வதற்காகவே எடுத்த படத்தை ஏன் விரட்டிப் பார்க்க வேண்டும்? சீனப் பதிப்புகளில் மாண்டரின் டப்பிங் முதல் ஒலித்தடமாக இருக்கக்கூடும். மெனுவில் படத்தின் மூல மொழியான கான்டனீஸைத் தேர்ந்தெடுங்கள். மூலத்தில் வீட்டுக்காரம்மா பேசுவது ஷாங்காய் மொழி, ஆகவே இரண்டு மொழி கேட்டால் டிஸ்க்கில் கோளாறு என்று எண்ண வேண்டாம். தமிழ் சப்டைட்டில் இல்லை, ஆங்கிலம்தான். வசனம் குறைவு என்பதால் சமாளிக்கலாம். இடையில் நாயகனும் நாயகியும் தங்கள் துணைவர்களைப் போல நடித்துப் பார்க்கும் காட்சிகள் முன்னறிவிப்பின்றி வரும். அது நடிப்பு என்று தெரியாமல் பலர் கதையைத் தவற விடுவார்கள்.

வாங்கியதும் டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அச்சில் அழுத்திய டிவிடி வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ மின்னும். ஊதா சாயல் அடித்தால் யாரோ கம்ப்யூட்டரில் எழுதியது. ஆலையில் அழுத்தியதன் உள்வளையத்தில் ஐஎஃப்பிஐ (IFPI) என்று தொடங்கும் நுண்ணெழுத்தும் பெரும்பாலும் இருக்கும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளும்; பிளேயரால் அவ்வளவு நீளத் தகவல் இழப்பை ஈடுகட்ட முடியாது.

டிவியில் செய்ய வேண்டியது: விவிட் மோடை அணைத்து சினிமா மோடு, வார்ம் நிறம், ஷார்ப்னெஸ் குறைவு. மோஷன் ஸ்மூத்திங் கட்டாயம் அணைக்க வேண்டும், ஸ்லோமோஷன் நடைகளை அது சீரியல் போலாக்கிவிடும். படத்தின் விகிதம் 1.66, டிவியின் விகிதம் 1.78, இருபுறமும் மெல்லிய கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. 72 அங்குல அகலத் திரையில் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம்கூட வராது. அதை நிரப்ப ஜூம் அழுத்தினால் மேலும் கீழுமாக ஏறத்தாழ 7 சதவீதம் படம் வெட்டுப்படும். கதவு நிலையும் கண்ணாடியும் சட்டமாக நின்று ஆளை அடக்கும் படத்தில் அது பெரிய சேதம்.

நம் வீடுகளில் புரொஜெக்டர் போடுபவர்களுக்கு வேறு சில தொல்லைகள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் பளபளப்பாக, திரை போலத்தான் தெரியும். ஆனால் மினுமினுப்பு ஒளியைத் திருப்பியடிக்கும், நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். மங்கலான வெள்ளைத் திரையைத் தனியாகக் கட்டுங்கள். ஆத்தங்குடி கல் பதித்த சிவப்புத் தரை இன்னொரு சிக்கல்: திரையின் ஒளி தரையில் பட்டுச் சிவப்பாகத் திரும்பி, படத்தின் கீழ்ப்பாதியில் நிறமாகப் படியும். திரைக்கு முன்னே அடர்நிற ஜமுக்காளம் இரண்டு விரித்தால் தீர்ந்தது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வானம் திறந்திருப்பதால் அங்கே பகலில் முடியாது. கதவுள்ள கூடத்தில் கதவுகளைச் சாத்திப் போடலாம். கல்தரையும் உயரக் கூரையும் எதிரொலிக்கும், சத்தத்தைக் கூட்டினால் பேச்சு இன்னும் குழம்பும். ஸ்பீக்கரை ஆட்களுக்கு அருகில் நகர்த்தி ஒலியைக் குறையுங்கள். பழைய புரொஜெக்டரில் எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு வசதி இல்லையென்றால் 4கே பிளேயர் 1080 தரத்துக்கு இறங்கும், அல்லது திரை கறுப்பாகவே நிற்கும். செலோ இசை மட்டும் கேட்டு வசனம் காணாமல் போனால், ஆம்ப்ளிஃபயர் 5.1 (ஆறு தடச் சுற்றொலி) என்றிருந்து நடு ஸ்பீக்கர் இல்லாமல் இருக்கும். பேச்சு நடுத் தடத்தில்தான் வருகிறது. செட்டிங்கில் நடு ஸ்பீக்கர் இல்லை என்று கொடுங்கள், அல்லது பிளேயரை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

டிக்கெட் இல்லை என்பதால் மண்டபத்தில் போட்டுக் காட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. வீட்டில் பார்க்கத்தான் அந்த டிஸ்க். பொதுக் காட்சிக்கு உரிமையாளரின் அனுமதியும், 1952 திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கைச் சான்றும் வேண்டும். கல்வி நிறுவனத்துக்கு மட்டும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது: பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனப் பணியோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. வெளியாட்களை அழைத்துச் சுவரொட்டி ஒட்டினால் அந்தச் சலுகை போய்விடும்.

இப்படிக்கு,
திரைப்பட ஆர்வலர்கள் சிலர்,
காரைக்குடி